நாலாம் பிறையின் மேல் போட்ட பழி

நான் கோபக்காரி இல்லை என்று சொல்லிக்கொள்ள எனக்கும் ஆசைதான். பெங்களூர் ஜோகுபாளையத்தில் என்னைத் தெரிந்த யாரும் அதை நம்ப மாட்டார்கள்.

தொண்ணூற்றேழில் அங்கே ஒரு வீட்டின் பின்பக்க அறையில் வாடகைக்கு இருந்தேன். வாணியம்பாடியிலிருந்து வந்து, பக்கத்துப் பள்ளி ஒன்றில் கணக்கு டீச்சராகச் சேர்ந்திருந்தேன். அறையில் ஒரு கட்டில், ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு ஸ்டவ், அவ்வளவுதான். அந்த வீட்டை நான் பிடித்தது மொட்டை மாடிக்காக. மேற்கே ஒரு தென்னை மரத்தைத் தவிர மறைப்பு எதுவும் இல்லை. சிக்கல் என்னவென்றால், மாடிப்படி ஓனரம்மாவின் கூடத்துக்குள் இருந்தது. தினமும் சாயங்காலம் அவருக்கும் அவருடைய டிவிக்கும் நடுவே புகுந்துதான் நான் வானத்துக்குப் போக வேண்டும்.

ஓனரம்மாவின் குடும்பம் மூன்று தலைமுறையாகப் பெங்களூரில் இருக்கும் தமிழ்க் குடும்பம். வீட்டில் தமிழ்தான் பேசுவார்கள். பயம் வந்தால் மட்டும் அந்த அம்மாவுக்குக் கன்னடம் வந்துவிடும். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். எனக்குக் காய்ச்சல் வந்தபோது ரசம் வைத்துக் கொடுத்தவர். வயசுப் பெண் தினமும் மாடியில் யாரைப் பார்க்கிறாளோ என்று எதிர்வீட்டு அம்மாவிடம் கேட்டு வைத்தவரும் அவர்தான்.

நான் பார்த்தது வெள்ளிக் கிரகத்தை. அந்த ஆண்டு அது மேற்கில் முழுதாக இருட்டும் முன்பே பளிச்சென்று வந்து நிற்கும். கொஞ்சம் இருட்டியதும் அதற்கு மேலே சித்திரை நட்சத்திரம் தெரியும். வெள்ளி ஒவ்வொரு நாளும் அதை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. என்னிடம் தொலைநோக்கி கிடையாது. கையை நீட்டி, விரல்களை வைத்து இடைவெளியை அளந்து ஒரு நோட்டில் எழுதுவேன். ஆறு விரல், ஐந்தரை, ஐந்து. நடுவில் மேகம் இரண்டு நாளைத் தின்றுவிட்டது. இரண்டும் மிக நெருங்கி நிற்கும் நாள் எது என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். அது பிள்ளையார் சதுர்த்தியில் வந்து விழுந்தது.

சதுர்த்தியன்று நிலாவைப் பார்க்கக் கூடாது. பார்த்தால் செய்யாத திருட்டுக்குப் பழி வரும் என்பார்கள். எங்கள் ஊரிலும் நாலாம் பிறை ஆகாதுதான், ஆனால் இங்கே இருந்த அளவு பயத்தை நான் அங்கே கண்டதில்லை. அன்று சாயங்காலம் எங்கள் தெருவே தலையைக் குனிந்துகொண்டு நடந்தது.

நான் குனியவில்லை. வெள்ளியும் சித்திரையும் ஒரு விரல் இடைவெளியில் நின்றன. மேலே மெல்லிய பிறை. கிழக்கே திரும்பினால் வியாழன். இத்தனையையும் ஒரே சாயங்காலத்தில் கொடுத்துவிட்டு ஒன்றை மட்டும் பார்க்காதே என்றால் யார் கேட்பார்கள்? காயப்போட்ட துணியை எடுக்கத் தரையைப் பார்த்தபடியே வந்த ஓனரம்மா, நான் அண்ணாந்து நிற்பதைக் கண்டதும் "நோடபேடா, பாக்காதே" என்று பதறினார். பார்த்தாகிவிட்டது ஆன்ட்டி என்று சொல்லிவிட்டு நோட்டில் எழுதினேன்.

மறுநாள் காலையில் அவருடைய தங்கச் சங்கிலியைக் காணோம். பூஜைக்காகக் களிமண் பிள்ளையாரின் கழுத்தில் போட்டிருந்த சங்கிலி. முதல் நாள் இரவே பிள்ளையாரைப் பின்கட்டில் இருந்த டிரம்மில் கரைத்துவிட்டார்கள். அதற்கு முன்பு சங்கிலியைக் கழற்றிக் கூடத்து அலமாரியில் வைத்ததாக ஓனரம்மா அடித்துச் சொன்னார். அன்று வெளியாள் என்று கூடத்துக்குள் போய்வந்தது நான் ஒருத்திதான்.

என் அறை வாசலுக்கு வரும்போது எதிர்வீட்டு அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்தார்.

"தப்பா நெனைக்காதே டீச்சர். பொட்டிய ஒரு தடவ தொறந்து காட்டிடு."

திறந்து காட்டினேன். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு என் மேலேயே ஆத்திரம் வருகிறது. என் உள்பாவாடைகளை ஒவ்வொன்றாக உதறினார்கள். நோட்டைத் தலைகீழாகப் பிடித்து ஆட்டினார்கள். ஒன்றும் விழவில்லை. ஆனாலும் மாத முடிவில் காலி செய்யச் சொல்லிவிட்டு, மாடிக் கதவுக்கும் பூட்டுப் போட்டார். என் வகுப்புப் பிள்ளைகள் இருவர் அதே தெருவில் இருந்தார்கள். திருடி என்ற பேர் பள்ளிக்கூடம் போய்ச் சேர எத்தனை நாள் ஆகும்? இரண்டு ராத்திரி நான் தூங்கவில்லை.

மூன்றாம் நாள் ஓனரம்மாவின் வீட்டுக்காரர், கரைந்த களிமண்ணைச் செம்பருத்திக்கு ஊற்றலாம் என்று டிரம்மைச் சாய்த்தார். அடியில், வாடிய மாலை நாரில் சிக்கிக்கொண்டு சங்கிலி கிடந்தது. கழற்றவே மறந்து, மாலையோடு சேர்த்துப் பிள்ளையாரை முக்கியிருக்கிறார்கள்.

ஓனரம்மா கையில் காபியோடு சிரித்துக்கொண்டே வந்தார். நாலாம் பிறை என்னைச் சும்மா விடவில்லையாம். இனி நான் காலி செய்ய வேண்டாமாம். நிலாவைப் பார்த்துக் கடவுளே திருட்டுப் பழி சுமந்த கதை ஒன்று இருக்கிறது, சாயங்காலம் அதைப் படிக்கப் போகிறார்கள், நானும் கேட்டு அட்சதை வாங்கிக்கொண்டால் தோஷம் போய்விடுமாம். எஸ்.டி.டி. பூத்திலிருந்து ஊரில் இருந்த என் அம்மாவுக்குப் போன் போட்டேன். தலையை ஆட்டிவிட்டு வா, தனியாக இருக்கிறவள் எதற்கு வம்பு என்றார் அம்மா.

அரை மணி நேரக் கதைதான். கேட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும். சரியாகிவிடும் என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. தப்பு பார்த்தவளுடையது, பழி போட்ட வேலை நிலாவினுடையது என்று முடிந்துவிடும். என் பெட்டியைக் கிளறிய கைகளைப் பற்றி அந்தக் கதையில் ஒரு வரிகூட வராது.

சாயங்காலம் கூடத்துக்குப் போனேன். எதிர்வீட்டு அம்மாவும் உட்கார்ந்திருந்தார். நான் உட்காரவில்லை.

"ஆன்ட்டி, என் பொட்டியத் தொறக்கச் சொன்னது நிலாவா, நீங்களா?"

ஓனரம்மா அட்சதைத் தட்டை என் பக்கம் நகர்த்தினார்.

"இவங்க முன்னாடிதானே கேட்டீங்க. இவங்க முன்னாடியே, தப்பு உங்களுதுன்னு நீங்க சொல்லணும். எனக்கு அட்சதை வேணாம்."

ஓனரம்மா கதைப் புத்தகத்தைப் பிரித்தார். அவர் வீட்டுக்காரர் எழுந்து, ஆணியில் தொங்கிய மாடிச் சாவியை எடுத்து என் கையில் கொடுத்தார். நான் மாடிக்குப் போனேன், கீழே கதையை நான் இல்லாமலே படித்தார்கள். வெள்ளி சித்திரையைத் தாண்டிப் போயிருந்தது. அழுகை வந்தது, அழுதேன். பிறகு விரலை நீட்டி அளந்து எழுதினேன்.

நான் காலி செய்யவில்லை. ஓனரம்மா இரண்டு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்புறம் பேசினார், அந்த ஒன்றைத் தவிர எல்லாவற்றையும்.

அடுத்த ஆண்டு சதுர்த்தி வந்தது. கூடம் நிறைய ஆட்கள், எதிர்வீட்டு அம்மா உட்பட. பிள்ளையார் கழுத்தில் பூமாலை மட்டும். நான் நோட்டோடு வந்து முதல் படியில் நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

"ஆன்ட்டி, நான் நிலா பாக்கப் போறேன். சங்கிலி பத்திரமா இருக்கான்னு இப்பவே பாத்துக்குங்க."

அவருடைய கை கழுத்துக்குப் போனது. சங்கிலியைப் பிடித்துப் பார்த்தார்.

"இங்கதான் இருக்கு," என்றார். பிறகு எதிர்வீட்டு அம்மாவின் பக்கம் திரும்பி, "போன வருஷம் நான்தான் கழட்ட மறந்தேன். இந்தப் பொண்ணு மேல தப்பே இல்ல. நான்தான் அநியாயமா கேட்டேன்" என்றார்.

நான் மாடிக்குப் போய், மறையும் வரை நிலாவைப் பார்த்தேன்.