எஞ்சினுக்கு வாங்கிய மண்ணெண்ணெய்

எஞ்சின் ஓடுகிற சத்தத்தைக் கேட்டே உள்ளே எது எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவேன். தட்டாஞ்சாவடியில் இந்த விஷயத்தில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது.

சும்மா சொன்னேன். எனக்கு இடது காது சுத்தமாகக் கேட்காது. வலது காதும் பக்கத்து லேத்துப் பட்டறையின் புண்ணியத்தில் பாதிதான். வண்டிக்காரன் எதிரே கண்ணை மூடி, தலையைச் சாய்த்து, "ம்ம்ம்" என்பேன். அது நடிப்பு. உண்மையில் நான் பார்ப்பது மூக்காலும் விரலாலும்தான். பள்ளிக்கூடத்துக்கு மதியச் சோற்றுக்காகப் போனவன் நான். மூக்குக்கு யாரும் சர்டிபிகேட் கேட்பதில்லை என்பதால் பிழைப்பு ஓடுகிறது.

இடது காது போனதற்கு ஒரு பழைய பெட்ரோல் கார்தான் காரணம். கார் அடிக்கவில்லை. அதை ஓட்டி வந்தவன் அடித்தான்.

அன்று காலை அந்தக் கார் கடகடவென்று இரைந்துகொண்டு, பின்னால் புகை விட்டபடி என் ஷெட்டுக்குள் வந்தது. ஓட்டியவன் உழவர்கரைக்காரன். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. பக்கத்து சீட்டில் அவன் பெண்டாட்டியின் அண்ணன். பின் சீட்டில் பெண்டாட்டி. அவள் கீழ் உதடு வீங்கியிருந்தது.

அந்த அண்ணன் வாடகைக்கு ஓட்டிப் பிழைத்த கார் அது. தங்கை கல்யாணத்தில் அதையே சீராகக் கொடுத்துவிட்டார். ஓட்டை எஞ்சினைத் தலையில் கட்டி ஏமாற்றிவிட்டார்கள் என்பது புருஷனின் பேச்சு. எஞ்சின் போச்சு என்று என் வாயால் வந்தால், முழு வேலைக்கும் அண்ணன் பணம் தர வேண்டும். பணம் வரும்வரை அடி அவளுக்கு. இதை அவன் மறைக்கவும் இல்லை.

"கேட்டியா மேஸ்திரி சவுண்ட? எஞ்சின் காலி. பிஸ்டன், போரு, கிராங்கு எல்லாத்துக்கும் சேத்து ஒரு ரேட்டு சொல்லு. தோ நிக்கறாரே, அவரு காதுல வுழற மாதிரி சொல்லு."

"மாப்ள, போன மாசம் வரிக்கும் மெட்ராசுக்கு அலுங்காம போயி வந்த வண்டி இது," என்றார் அண்ணன்.

"தங்கச்சியையும் இப்டித்தான் பேசித் தள்ளிவுட்ட. இதுவும் ஓட்ட, அதுவும் ஓட்ட."

பேசும்போதெல்லாம் அவன் காரின் கூரையில் அறைந்தான். ஒவ்வோர் அறைக்கும் உள்ளே அவள் தோள் துள்ளியது.

நான் என் "ம்ம்ம்" நடிப்பை முடித்துவிட்டு வேலையில் இறங்கினேன். பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு ஓட்டையிலும் கேஜை வைத்து அமுக்கம் பார்த்தேன். எஞ்சின் உண்மையிலேயே தேய்ந்திருந்தால் ஏதாவது ஒரு சிலிண்டர் முள்ளைத் தூக்காமல் காட்டிக்கொடுத்துவிடும். இங்கே நாலும் நன்றாகவே தூக்கின. அப்புறம் ஏன் இந்தக் கடகட? ஆயிலில் இரும்புத்தூள் வருகிறதா பார்க்கலாம் என்று, அடியில் அகலத் தட்டை வைத்து முழு ஆயிலையும் இறக்கினேன். தூள் இல்லை. ஆனால் ஆயில் ரசம் மாதிரி ஓடியது.

விரலால் தொட்டு முகர்ந்தேன். மண்ணெண்ணெய். சாமான் கழுவக் கழுவ என் உடம்பிலேயே ஊறிப்போன வாசனை, தப்பாது.

பழைய காரை விற்கிறவன் கெட்டி ஆயில் ஊற்றிச் சத்தத்தை அமுக்குவான். அந்தத் திருட்டை நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன். நல்ல எஞ்சினை வீணாக்கிச் சத்தம் போட வைப்பதற்காக ஊற்றுகிறவனை அன்றுதான் பார்த்தேன். வாயை மூடிக்கொண்டிருக்கலாம். என் வாய்க்கு மூடி கிடையாது.

"எஞ்சின் நல்லாத்தான் சார் கீது. எவனோ ஆயில்ல மண்ணெண்ண ஊத்திக்கிறான். சீரு பத்தலன்னா பொண்ணு மேல ஊத்துவானுங்கன்னு கேள்விப்பட்டுக்கிறேன். காருக்கு ஊத்தி இப்பத்தான் பாக்கறேன்."

சிரித்துக்கொண்டே சொன்னேன். வேறு யாரும் சிரிக்கவில்லை. அறை விழுந்தது. இடது காதுக்குள் குக்கர் விசில் மாதிரி ஒன்று கிளம்பியது. அது இன்னும் இறங்கவில்லை.

பின் கதவு திறந்தது. அவள் இறங்கி வந்து தட்டில் இருந்த ஆயிலைப் பார்த்தாள்.

"மண்ணெண்ணயாண்ணே?"

"ஆமாம்மா."

"ரேஷன்லயே போடறதில்ல. வூட்ல கேஸு கீது. பீரோவுக்குப் பின்னால டின்னு எதுக்குன்னு கேட்டேன், மூடிக்கினு போடின்னாரு. ஒரு வாரமா நான் கண்ண மூடல." அண்ணன் பக்கம் திரும்பினாள். "எனக்கு வாங்கி வெச்சதுன்னு நெனச்சேண்ணா."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு அந்த அறையே தேவலாம்.

அதுவரை மாப்ள, மாப்ள என்று கெஞ்சிக்கொண்டிருந்த மனிதர் ஒரே குத்தில் அவன் மூக்கை உடைத்தார். வெள்ளைச் சட்டையெல்லாம் ரத்தம். அவன் என் வீல் ஸ்பேனரையே எடுத்து அவர் தோளில் இறக்கினான். எலும்பு முறிந்த சத்தம் என் அரைகுறை வலது காதிலேயே தெளிவாகக் கேட்டது. அவர் சுருண்டு விழுந்தார். அவன் அவள் கூந்தலைக் கையில் சுற்றிப் பிடித்து, கார் கதவில் நெற்றியை மோதினான். ஒரு முறை. மறுபடியும்.

என்னைப் பெரிய வீரன் என்று நினைத்துவிட வேண்டாம். நான் ஓடத்தான் பார்த்தேன். வாசலை அவன் அடைத்துக்கொண்டு நின்றான், கையில் அகப்பட்டது ஆயில் தட்டு. அப்படியே தூக்கி அவன் தலையில் கவிழ்த்தேன்.

கூந்தலை விட்டுவிட்டான். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவன் பார்த்தபோது, தரையில் கிடந்த அண்ணன் நல்ல கையால் சட்டைப்பையிலிருந்து சிகரெட் லைட்டரை எடுத்திருந்தார். கட்டைவிரல் சக்கரத்தின் மேல் இருந்தது.

எஞ்சின் ஆயில் கலந்தது லேசில் பற்றாது. அது எனக்குத் தெரியும். அவனுக்குத் தெரியாது. தான் எவ்வளவு ஊற்றினோம் என்பது மட்டும் தெரியும்.

"வாணாம் மச்சான். சொல்றதக் கேளு மச்சான்."

அவள் குனிந்து அண்ணன் கையிலிருந்து லைட்டரை வாங்கினாள். நெற்றி ரத்தம் கண்ணில் வழிய, அவன் எதிரே போய் நின்றாள்.

"சாவி குடு."

கொடுத்தான்.

அந்த எஞ்சினுக்கு அப்புறம் ஆன செலவு ஆயில், ஃபில்டர், ஒரு செட் பேரிங், அவ்வளவுதான். அண்ணனின் தோளுக்குத்தான் முழு ரிப்பேர்.

சாவியைக் கொடுத்ததும் அவன் எடுத்தான் பாருங்கள் ஓட்டம். ஒரு செருப்பு என் ஷெட்டில் கிடக்கிறது. தலையிலிருந்து கால்வரை கன்னங்கரேல் என்று மெயின் ரோட்டில் ஓடுகிறான், பின்னாலேயே தொழிற்பேட்டை நாய்கள். முனையில் நின்ற போலீஸ்காரர் தன் சிவப்புத் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, குறுக்கே கையை நீட்டி—

"மேஸ்திரிண்ணே! எம்மா நேரம் ஹாரன் அடிக்கறது? கம்பெனி சாப்பாடெல்லாம் ஆறுது, ஆயில் லைட்டு எரியுது, வந்து பாருண்ணே!"

அவள்தான். அதே கார், அவளே ஓட்டுகிறாள், பின் சீட்டு நிறையச் சாப்பாட்டுக் கேரியர்கள். இடது பக்கமாக நின்று கூப்பிட்டால் எனக்கு எங்கே கேட்கும்?

"தோ வந்துட்டேம்மா. எஞ்சின ஆஃப் பண்ணு மொதல்ல!"