‘தேவையில்லாதவை’ என்றொரு கோப்புறை

அன்று தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் இருந்தவர்கள் நானும் தங்கையும். அப்பா தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்ட மலைக்குப் போயிருந்தார். அம்மா குவைத்தில், யாரோ ஒருவருடைய வீட்டில் சமைத்துக்கொண்டும் துடைத்துக்கொண்டும், மூன்றாவது வருடத்தில் இருந்தாள்.

மழையில் நனைந்துவிடும் என்று அப்பா போனை அலுமாரியில் வைத்துவிட்டுத்தான் வேலைக்குப் போவார். அதைத் தொட அனுமதி எனக்கு மட்டும்தான். எங்கள் குடும்பத்தில் எழுத்துக்கூட்டாமல் வாசிக்கத் தெரிந்த முதல் ஆள் நான், ஆறாம் வகுப்பு. மடுல்கெல்லையில் எங்கள் பள்ளிக்கூடத்துக் கணினி அறையில் அந்தத் தவணைதான் கோப்புறை உருவாக்கச் சொல்லித் தந்திருந்தார்கள். உலகத்தில் உள்ள எதையும் ஒரு பெயர் எழுதி உள்ளே போட்டுவிடலாம் என்று அப்போது நம்பினேன்.

தொடங்கி வைத்தது தங்கை. கலைவிழாவில் அவள் மயிலாக ஆடிய படத்தை டீச்சர் அனுப்பியிருந்தார். போனில் இடமில்லை, படம் இறங்கவில்லை. “என் மயில் வருமா வராதாண்ணே?” என்று கேட்டுக் கேட்டு அழுதாள். மயிலுக்கு இடம் பண்ண நான் உட்கார்ந்தேன்.

அப்பா, அம்மா, தங்கை, நான், கோயில் என்று ஐந்து கோப்புறைகள். ஆகப் பெரியதாக வந்தது ‘நான்’. அப்பா சில நாள் திடீரென்று என்னைக் கூப்பிட்டு, பள்ளிச் சட்டையைப் போடச் சொல்லி, கையில் புத்தகத்தைக் கொடுத்துப் படம் எடுப்பார். பெருமை என்று நினைத்துக்கொண்டேன். ‘அம்மா’ கோப்புறையில் வந்தது ஏழே படம், எல்லாம் அவள் போவதற்கு முன்னால் எடுத்தவை.

மீதி இருந்ததெல்லாம் அம்மாவின் போனிலிருந்து வந்த ஆளில்லாத படங்கள். வெறும் தட்டு. தண்ணீர்க் குழாய். ஜன்னல். இஸ்திரிப் பெட்டி. வெள்ளைப் பூட்டு வைத்த பழுப்புக் கதவு, அதுவும் ஒன்றல்ல, திரும்பத் திரும்ப அதே கதவு. வேலை அவசரத்தில் அம்மாவின் கை பட்டு விழுந்த படங்கள் என்று முடிவு செய்தேன். ‘தேவையில்லாதவை’ என்று ஆறாவது கோப்புறை ஒன்றைப் போட்டு எல்லாவற்றையும் அதில் சேர்த்து, அழித்தேன். மயில் வந்தது. தங்கை சிரித்தாள்.

சாயந்திரம் அப்பா முகம் கழுவிவிட்டுப் போனை எடுத்தார். அவருக்கு எழுத்து வராது. படங்களை இருந்த இடத்தை வைத்துத்தான் கண்டுபிடிப்பார். விரல் மேலும் கீழும் போனது.

“குழாய் எங்கடா?”

“எந்தக் குழாய்ப்பா?”

“அம்மா அனுப்புன குழாய்.”

நான் கோப்புறைகளைக் காட்டினேன். ஒவ்வொரு பெயராக வாசித்தும் காட்டினேன். கேட்டு முடித்துவிட்டு, “தட்டு?” என்றார். அழித்துவிட்டேன் என்றேன். போனைத் திரும்ப அலுமாரியில் வைத்தார். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வெள்ளிக்கிழமைகளில் அம்மா பத்து நிமிடம் பேசலாம். வேலை செய்யும் வீட்டின் அம்மா பக்கத்திலேயே நிற்பாள். “திரும்ப அனுப்பச் சொல்லலாமேப்பா” என்றேன். போனை வாங்கிப் பார்க்கிறார்கள், அதனால் அனுப்பியதை அனுப்பியவுடனேயே அம்மா அழித்துவிடுவாள் என்றார். அந்தப் படங்கள் இருந்த ஒரே இடம் நான் துப்புரவு செய்த இடம்.

மறுநாள் அப்பா வேலைக்குப் போகவில்லை. என்னையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி, வத்தேகமையில் மாறி, கட்டுகஸ்தோட்டையில் பாலத்துக்குக் கிட்ட ஒரு போன் கடைக்குப் போனார். கடைக்காரர் முஸ்லிம், இளவயது. மெமரி கார்டைக் கணினியில் போட்டுக்கொண்டே, “என்னத்துட போட்டோ அண்ணே? கலியாணமா?” என்றார்.

“இல்ல மொதலாளி. தட்டு, குழாய்.”

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் பாலத்தைப் பார்த்தேன்.

“எல்லாம் வருமெண்டு செல்ல ஏலா. வந்தாலும் திகதி, பேர் ஒண்டும் ஈக்காது.”

மத்தியானத்துக்குப் பிறகு படங்கள் சின்னச் சின்னக் கட்டங்களாகத் திரையில் வந்தன, தலைகால் இல்லாமல் கலந்துபோய். அப்பா கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கவ்வாத்துக் கத்தி பிடித்துக் காய்ந்த விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். இது வேணும். இது வேணும். கதவுகள் வரத் தொடங்கின.

“இது ஒரே கதவுதானே அண்ணே. ஒண்டு போதாதா?”

“எல்லாம் வேணும் மொதலாளி.”

“சொந்த ஊட்டுக் கதவா?”

அப்பா தலையை மட்டும் ஆட்டினார். ஆமென்றா இல்லையென்றா என்று தெரியவில்லை. ஒரு கதவில் அவர் விரல் நின்றது. கொஞ்ச நேரம் எடுக்கவே இல்லை. பஸ்ஸில் வரும்போது கேட்டேன், அந்தப் படத்தில் என்ன இருந்தது என்று. “பூட்டு” என்றார். எனக்கும் தெரிந்ததுதான் அது.

அம்மா வந்து இப்போது பல வருடம் ஆகிறது. நான் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவான வாரம், என் மடிக்கணினியில் பழைய படங்களை மறுபடியும் அடுக்கிக்கொண்டிருந்தேன். இந்த முறை எதையும் அழிப்பதில்லை என்ற தீர்மானத்தோடு. அம்மா பின்னால் வந்து நின்றாள்.

“அட, இதெல்லாம் இன்னும் இருக்கா!” என்று சிரித்தாள். காலித் தட்டு என்றால் சாப்பிட்டுவிட்டேன். குழாய் என்றால் இன்னும் வேலை முடியவில்லை. ஜன்னல் என்றால் இன்றைக்குச் சுகம். எழுதத் தெரியாத இரண்டு பேர் விமான நிலையத்துக்குப் போகிற வழியில் பேசி வைத்துக்கொண்டதாம்.

“கதவும்மா?”

“அதுவா. ‘வந்துரட்டுமா’ன்னு கேக்குறது.”

“அப்பா என்ன பதில் அனுப்புவாரு?”

அம்மா திரையில் பக்கத்துக் கோப்புறையைக் காட்டினாள். “ஒன்னத்தான்டா. யூனிபோம் போட்டு, புத்தகத்தோட. அதப் பாத்ததும் பேசாம வேலையப் பாக்கப் போயிருவேன்.”

‘நான்’ என்று பதினொரு வயதில் நானே பெயர் எழுதிய கோப்புறை அது. அம்மா அடுப்படிக்குப் போன பிறகு கதவுகளை எண்ணினேன். திரும்பி வந்த கதவுகள் முப்பத்தொன்று. அந்த முப்பத்தொன்றுக்காக அப்பா அன்று சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கடை மேசையில் வைத்தது ஒரு வாரக் கூலி, மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய்.