ருத்திலியோவின் பெயருக்கு முன்னால் சிலுவையா?

மெக்சிகோ நகரத்தில், சான்டோ டொமிங்கோ சதுக்கத்து வளைவுகளுக்கு அடியில் என் ரப்பர் ஸ்டாம்ப் கடை. பக்கத்தில் எவுலாலியாவின் அச்சுக்கடை. அவளுக்கு வாய் நீளம். ஆனாலும் அவளோடு சண்டை போடாத அன்றைக்கு எனக்குத் தின்றது செரிக்காது.

அவளிடம் ஒரு சாய்வெழுத்து உண்டு. ஈய எழுத்து, ஒவ்வொன்றும் வலப்பக்கம் லேசாகச் சாய்ந்து, ஓரிடம் மெலிந்து ஓரிடம் தடித்து, நுனியில் சின்னக் கொக்கியோடு இருக்கும். பெரிய எழுத்துக்கு வால் வேறு. கல்யாணம், ஞானஸ்நானம், பெண்ணின் பதினைந்தாவது பிறந்தநாள் விருந்து, இதற்கெல்லாம்தான் அதை எடுப்பாள். சாவுச் சேதிக்கு நேரெழுத்து. வாடகை பாக்கி நோட்டீஸைச் சாய்வெழுத்தில் அடிக்கச் சொல்லி ஒரு வக்கீல் அடம்பிடித்தார். "அதட்டுறதுக்கு இது லாயக்கில்லைங்க. வாசிச்சவன் உங்களுக்கு முத்தம் கொடுக்க வந்துடுவான்" என்று அனுப்பிவிட்டாள்.

போன மே மாதம் மிரேயா என்ற பெண் கல்யாணப் பத்திரிகை அடிக்க வந்தாள். கூடவே அவள் அம்மா ஓர்த்தென்சியாவும், மாமன் ஃபெர்மினும். எங்கள் பத்திரிகையில் பெற்றோர் பெயரும் உண்டு. இறந்தவர் பெயருக்கு முன்னால் ஒரு சின்னச் சிலுவை போடுவோம். அந்தப் பெயரை மட்டும் எவுலாலியா நேரெழுத்தில் கோப்பாள். மிரேயாவின் அப்பா ருத்திலியோ, அவள் பள்ளியில் சேர்ந்த வருஷம் வேலை தேடி வடக்கே எல்லை தாண்டப் போனவர். அப்புறம் ஒரு சேதியும் இல்லை.

"சிலுவை போட்டுடுங்க" என்றான் ஃபெர்மின்.

"உடம்பைப் பாத்தியாப்பா?" என்றாள் எவுலாலியா.

"பாலைவனத்துல போனவரை எங்கே போய்ப் பாக்குறதும்மா? வர்றவங்க ஆயிரம் கேள்வி கேப்பாங்க. சிலுவை இருந்தா வாயை மூடிக்குவாங்க."

மிரேயா அழுதுவிட்டாள். "எங்கப்பாவை நானே எப்படி மாமா சாகடிக்கிறது?"

எவுலாலியா உள்ளே போய் இரண்டு தாள் அடித்துக்கொண்டு வந்து மேசைமேல் வைத்தாள். ஒன்றில் சிலுவையோடு நேரெழுத்து. மற்றதில் சிலுவை இல்லாத சாய்வெழுத்து.

ஓர்த்தென்சியா சாய்வெழுத்துத் தாளைக் கையில் எடுத்தாள்.

"இப்படித்தான்டி நடப்பாரு உங்கப்பா. எங்க போனாலும் முன்னால சாஞ்சுக்கிட்டு, பஸ்ஸு போயிடுமோங்கிற மாதிரி" என்று சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது. முகத்தைத் துடைத்துக்கொண்டு தம்பியைப் பார்த்தாள். "இதே இருக்கட்டும்டா. செத்திருந்தா மன்னிச்சுக்கட்டும். உசுரோட இருந்தா வெக்கப்பட்டுக்கிட்டாவது வந்து சேரட்டும்."

ஃபெர்மின் முணுமுணுத்தான். எவுலாலியா அவனைச் சட்டை செய்யாமல் மை தடவப் போய்விட்டாள். அந்த நிமிஷம் அவள்மேல் எனக்கு அத்தனை பாசம் பொங்கியது.

கல்யாணத்துக்கு எங்கள் இரண்டு பேரையும் அழைத்திருந்தார்கள். சர்ச் கதவு திறந்தபோதெல்லாம் ஓர்த்தென்சியா திரும்பிப் பார்த்தாள். எவுலாலியாவும் பார்த்தாள், நானும்தான். தாமதமாக வந்த உறவுக்காரர்கள்தான் நுழைந்தார்கள்.

விருந்தில் கூட்டம் நெரிந்தது. ஓர்த்தென்சியாவுக்குப் பக்கத்து நாற்காலி மட்டும் காலி. உட்கார வந்தவர்களிடமெல்லாம் அதன்மேல் கையை வைத்துக்கொண்டு, "ஆள் வருது" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.