மூன்றாவது பூவும் மஞ்சள் பையும்

1. தார் நிறம்

காரைக்குடியில் ஒரு டாக்டரிடம் இருபத்தாறு வருஷம் கம்பவுண்டராக இருந்தேன். மிக்சர் கலப்பது, மாத்திரைப் பொட்டலம் மடிப்பது, டாக்டர் சொன்னதை நோயாளிக்குப் புரியும்படி சொல்வது, நோயாளி அதைக் கேட்காவிட்டால் டாக்டரிடம் திட்டு வாங்குவது, இவைதான் வேலை. கடைசி வேலைதான் அதிகம்.

அறுபதுகளின் கடைசியில் ஒரு காலை, வேலாயுத ஆசாரி வந்து பெஞ்சில் சாய்ந்தார். தச்சர். கானாடுகாத்தானில் பெரிய வீடுகளின் கதவு, நிலை பழுது பார்ப்பதெல்லாம் அவர்தான். ஆறு மாதமாக நெஞ்சுக்குழியில் எரிச்சல் என்று எங்களிடம் வெள்ளை மிக்சர் வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தார். அன்று முகம் வெளுத்துக் கிடந்தது.

"வெளிக்குப் போனா தாராட்டம் கறுப்பாப் போகுதுய்யா."

"எத்தனை நாளா?"

"ஒரு மாசமா."

"முந்தாநாள்கூட வந்து மிக்சர் வாங்கிட்டுப் போனீகளே, அப்ப வாயில என்ன கொழுக்கட்டையா?"

"பொம்பளையாளுக உக்காந்திருக்கிற எடத்துல இதையெல்லாம் எப்படிய்யா சொல்லுறது?"

டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டார். "உள்ளே புண்ணுல ரத்தம் கசியுது. மதுரையில வயித்து ஸ்பெஷலிஸ்ட் பாத்து, பேரியம் மாவு குடிக்க வச்சு எக்ஸ்ரே எடுக்கணும். தள்ளிப்போட்டா ஒருநாள் மொத்தமா ரத்தவாந்தி எடுப்பான். அப்புறம் மதுரை வரைக்கும் தாங்க மாட்டான்." இரண்டு பேர் பெயரை எழுதிக் கொடுத்தார். ஒருவர் பிசிஷியன், ஒருவர் சர்ஜன். "முதல்ல பிசிஷியன். கத்தி வேணுமான்னு அவர் சொல்லட்டும்."

இதை ஆசாரியிடமும் அவர் மனைவி சரஸ்வதியிடமும் இரண்டு முறை சொன்னேன். தலையாட்டினார்கள்.

2. பூக்கட்டிப் பார்த்தது

மூன்று நாளாகியும் அவர்கள் மதுரை போன தகவல் இல்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்கே போனேன்.

"கோயில்ல பூக்கட்டிப் பாத்தோம்ண்ணே," என்றாள் சரஸ்வதி. வேறு வேறு நிறப் பூக்களைத் தனித்தனியாக இலையில் மடித்துச் சாமி முன்னால் போடுவார்கள். பூசாரி எடுத்துக் கொடுக்கும் பொட்டலத்தில் என்ன பூ இருக்கிறதோ அதுதான் உத்தரவு. பிசிஷியனுக்கு வெள்ளை, சர்ஜனுக்குச் சிவப்பு.

"எது வந்துச்சு?"

"மஞ்சள்."

"மஞ்சள் யாரு?"

"எங்க அண்ணனுக்குக் கண் ஆப்பரேசன் செஞ்ச டாக்டரு. ரொம்பக் கைராசிக்காரருண்ணே."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. "வயித்துப் புண்ணுக்குக் கண் டாக்டரா?"

"சாமி உத்தரவாயிருச்சே, நாங்க என்ன பண்ணுறது?"

"சாமி மேல குத்தமில்லை தாயி. நீங்க மூணாவது பூவ வச்சா அது என்ன பண்ணும்? ரெண்ட மட்டும் வச்சு மறுபடி கேளுங்க."

மறுநாள் வெள்ளை வந்தது. சிவப்பு வந்திருந்தால் இன்னொரு தடவை கேட்கச் சொல்லியிருப்பேன், மறைப்பானேன்.

3. வெறும் வயிறு

மதுரையில் போனதும் எக்ஸ்ரே எடுப்பார்கள், அதற்கு முதல் நாள் ராச்சாப்பாட்டோடு சரி என்று சொல்லி அனுப்பினேன். அப்புறம் தண்ணீர், காப்பி, வெற்றிலை எதுவும் கூடாது. சரஸ்வதி அதை ஒப்பித்துக்கூடக் காட்டினாள். முதல் பஸ்ஸுக்குப் போனார்கள். மத்தியானமே திரும்பி வந்து நின்றார்கள்.

"வயித்துல என்னமோ கெடக்காம். நாளைக்கழிச்சு வரச் சொல்லிட்டாக."

"என்ன சாப்பிட்டீக?"

"பச்சத்தண்ணி பல்லுல படலை. கெளம்புறப்ப கோயில்ல பஞ்சாமிர்தம் மட்டுந்தேன்."

"எவ்வளவு?"

"ஒரு தொன்னை."

"ஒரு தொன்னையா! அது சாப்பாடு இல்லையா?"

"பிரசாதத்தப் போயி சாப்பாடுங்கிறீகளே!" ஆசாரிக்கு உண்மையிலேயே மனசு வருத்தம். எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த மிக்சர் பாட்டில் தப்பியது பெரிய காரியம்.

விஷயத்தைக் கேட்ட டாக்டர், "நீயே கூடப் போய்த் தொலைய்யா," என்றார். சரஸ்வதியிடம் ஒன்று மட்டும் கூடுதலாகச் சொன்னேன். வீட்டில் இருக்கிற மருந்து எல்லாவற்றையும், இது எதற்கு அது எதற்கு என்று பார்க்காமல், ஒரு பையில் போட்டு எடுத்துவரச் சொன்னேன். அந்தக் கெட்டிக்காரத்தனத்தில் எனக்கே ஒரு பெருமை.

4. பொட்டலம்

இந்த முறை பேரியம் உள்ளே போனது. "சுண்ணாம்பக் கரைச்சுல்ல குடுக்குறாக," என்று முணங்கிக்கொண்டே ஆசாரி குடித்தார். படத்தில் புண் தெரிந்தது.

"வேற மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா?" என்று ஸ்பெஷலிஸ்ட் கேட்டார்.

"இல்லீங்கய்யா."

நான் சரஸ்வதியின் மஞ்சள் பையை வாங்கி மேஜைமேல் கவிழ்த்தேன். எங்கள் மிக்சர் பாட்டில் வந்தது. ஒரு சூரண டப்பா வந்தது. அப்புறம் சின்னச் சின்னக் காகிதப் பொட்டலங்கள், பத்துப் பதினைந்து. ஸ்பெஷலிஸ்ட் ஒன்றைப் பிரித்தார்.

"ஏ.பி.சி. வலி மாத்திரை. இதை யார் சாப்பிடுறது?"

"நாந்தேங்க. அது கை வலிக்குங்கய்யா, வயித்துக்கு இல்லை. உளி புடிச்சுப் புடிச்சு மணிக்கட்டு கடுக்குது. விடிஞ்சதும் வரக்காப்பியில ரெண்டு, சாயங்காலம் ரெண்டு."

"எவ்வளவு நாளா?"

"ஒரு வருசம் இருக்கும்."

"இதுல இருக்கிற ஆஸ்பிரின்தான்யா வயித்தப் புண்ணாக்கி ரத்தம் வர வைக்குது. யார் கொடுத்தா?"

ஆசாரி தலையைக் குனிந்துகொண்டார். என்னைக் காட்டிக்கொடுக்க அவருக்கு மனசு வரவில்லை. பொட்டலத்தின் வலது மூலையை இரண்டு தடவை மடித்துச் செருகுவது என் பழக்கம். மேஜைமேல் கிடந்த ஒவ்வொன்றிலும் அதே மடிப்பு.

"நான்தான் சார்," என்றேன்.

வாரம் தவறாமல் சரஸ்வதி மருந்து ஜன்னலோரம் வந்து, "வலி மாத்திரை குடுங்கண்ணே," என்பாள். அவளுக்குத்தான் என்று நினைத்து, பேச்சுக்குக்கூட ஒரு வார்த்தை கேட்காமல் மடித்துக் கொடுத்தேன். ஒரு பக்கம் புண்ணுக்கு மிக்சர் கொடுத்துக்கொண்டு, மறுபக்கம் புண்ணுக்குத் தீனியும் போட்டிருக்கிறேன். ஊர் முழுக்கத் திட்டித் தீர்த்த என்னை அன்று யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

ஏ.பி.சி.யை நிறுத்தினார்கள். மருந்து, பத்தியம் என்று இரண்டு மாதம் போனது. கத்தி இல்லாமலே ஆசாரி பிழைத்தார். இன்று மருந்து கொடுக்கும் ஜன்னலில் நிற்கிற தம்பிகளே, நோயாளி கண் டாக்டரிடம் போனாலும் பஞ்சாமிர்தம் தின்றாலும் திருப்பிக்கொண்டு வந்துவிடலாம். நம் கையால் போன பொட்டலத்தை முதலில் தேடுங்கள்.

அப்புறம் ஒருநாள் சரஸ்வதி ஜன்னலுக்கு வந்து இருமல் மருந்து கேட்டாள். நான் பாட்டிலைத் தொடாமல், "யாருக்கு?" என்றேன்.

"எனக்குத்தேன். இதை அப்பவே கேட்டிருக்கலாமேண்ணே," என்றாள்.