துவாதசி முகாம்

எடமலைப்பட்டி புதூரில் ஒரு டாக்டர். அவரிடம் வந்த அத்தனை பேருக்கும் ரத்த அழுத்தம் நூற்றிருபதுக்கு எண்பது. பஸ்ஸைப் பிடிக்க ஓடி வந்தவருக்கும் அதே, மருமகளோடு சண்டை போட்டுவிட்டு வந்த அம்மாளுக்கும் அதே. "இப்படி ஒரே நம்பரா இருந்தா யார் சார் நம்புவாங்க?" என்று கேட்டேன். "அப்ப அங்கங்க கொஞ்சம் மாத்திப் போட்டுக்குங்க மேடம்" என்றார். படித்த மனுஷன், சுவர் முழுக்கப் பட்டம் வேறு.

இந்த மாதிரி ஆட்களோடு மாரடிப்பதுதான் என் பிழைப்பு. ஒரு தொழிற்சாலை, ஓய்வு பெற்ற தன் ஊழியர்களின் வைத்தியத்துக்காகத் திருச்சியில் சின்னச் சின்ன கிளினிக்குகளோடு ஒப்பந்தம் போட்டிருக்கிறது. முன்பெல்லாம் நோயாளி வந்து போனாலே கிளினிக்குக்குப் பணம். இப்போது நோயாளி தேறினால்தான் முழுப் பணம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, யாருக்கெல்லாம் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் கட்டுக்குள் இருக்கின்றன என்று கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். கட்டுக்குள் இருந்தால் பெயருக்கு எதிரே பச்சை, தாண்டினால் சிவப்பு. டாக்டர்களுக்கு இந்த வேலை ஓடாது, என்னைக் கூப்பிடுவார்கள். நல்ல எண்ணத்தில் செய்த ஏற்பாடுதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஆளைத் தேற்றுவதைவிட நம்பரைத் தேற்றுவது சுலபம் என்று திட்டம் வந்த வேகத்தில் எங்கள் ஊர் டாக்டர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். மருந்து கண்டுபிடிக்கச் சொன்னால் இந்த மூளை எங்கே போகுமோ!

ஸ்ரீரங்கத்து டாக்டர் இவர்களுக்கெல்லாம் அப்பன். நம்பரை மாற்றச் சொல்கிற மட்டமான வேலையெல்லாம் அவரிடம் கிடையாது. அவரிடம் வருபவர்களில் பாதிப் பேர் கோயிலைச் சுற்றிக் குடியிருக்கும் வைஷ்ணவப் பெரியவர்கள். ஏகாதசி என்றால் பல்லில் பச்சைத் தண்ணீர் படாமல் இருப்பவர்கள். மறுநாள் துவாதசி விடிந்ததும் குளித்து, துளசித் தீர்த்தம் சாப்பிட்டு, நெல்லிக்காயும் அகத்திக்கீரையுமாகப் பாரணை செய்துதான் விரதத்தை முடிப்பார்கள். நம் டாக்டர் சர்க்கரை முகாமை எந்த நேரத்தில் வைத்தார் தெரியுமா? துவாதசி காலையில், பாரணைக்கு முன்னால். ஒரு பகலும் ஒரு ராத்திரியும் காய்ந்த வயிற்றில் சர்க்கரை எங்கிருந்து ஏறும்?

"மூணு மாசச் சராசரி காட்டுற டெஸ்ட் இருக்கே டாக்டர், அதை எடுக்கலாமே?" என்றேன்.

"அதுல எல்லாம் தெரிஞ்சுடும் மேடம்" என்றார். துளி வெட்கம் இல்லை முகத்தில்.

"சரி, பட்டினியோட மாத்திரையும் போட்டா மயங்கி விழுந்துடுவாங்களே? அன்னைக்கு மாத்திரை வேணாம்னாவது சொல்லுங்க."

"மாத்திரையை விட்டா நம்பர் ஏறும். நீங்க ரிப்போர்ட்டைப் பாருங்க, பேஷண்ட்டை நான் பாத்துக்கறேன்."

அதோடு விட எனக்கு மனசு வராததற்குக் காரணம் இருந்தது. என் எதிர்வீட்டு மாமாவும் அந்தக் கிளினிக்தான். தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர், மாமி போன பிறகு தனிக்கட்டை. முந்தின நாள் சாயங்காலமே போய், "மாமா, முகாமுக்குப் போகாதீங்க, இல்லாட்டி மாத்திரையாவது போடாதீங்க" என்று மன்றாடினேன். அவர் சிரித்தார். "டாக்டர் போடச் சொல்லியிருக்காரேம்மா. நம்மளை எவ்வளவு நன்னா பாத்துக்கறார்! நம்மாலே அவர் பேர் கெட்டுடப்படாது" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யாரைச் சொல்லித் திட்டுவது?

காலையில் கிளினிக் ஹால் நிறைய நாமம் போட்ட பெரியவர்கள். மாமா முன்வரிசையில், மடியில் துண்டை மடித்து வைத்துக்கொண்டு. நர்ஸ் தயாராகத்தான் இருந்தாள், ஆனால் ஊசியைத் தொடக்கூடாது. டாக்டர் வந்து நின்று முதல் ஆளுக்கு ரத்தம் எடுப்பதைப் போட்டோ பிடித்து அறிக்கையோடு அனுப்ப வேண்டுமாம். டாக்டரோ இன்னும் தில்லைநகர் வீட்டில் இருந்து கிளம்பவே இல்லை. போன் அடித்தால் "ஆன் த வே" என்கிறார். நல்ல வே!

பாரணை நேரம் தாண்டிக்கொண்டிருந்தது. ஹாலில் முணுமுணுப்பு கிளம்பியது, ஆனாலும் ஒருவர் எழுந்திருக்கவில்லை. பெருமாளுக்காகப் பட்டினி கிடந்த மனிதர்கள், பெருமாள் சாப்பிடச் சொன்ன நேரத்தை இந்த ஆளின் போட்டோவுக்காக விட்டுக்கொண்டிருந்தார்கள்.

திடீரென்று மாமாவின் துண்டு கீழே விழுந்தது. குனிந்து எடுத்துக் கொடுக்கப் போனேன். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது, கை வெடவெடவென்று ஆடியது. "மாமா, என்ன செய்யுது?" என்றேன். என்னைப் பார்த்தார், ஆனால் யாரென்று தெரியவில்லை அவருக்கு. மாமியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

"போட்டோவும் வேணாம் ஒரு மண்ணும் வேணாம், குத்தும்மா!" என்று நர்ஸிடம் கத்தினேன். அவள் விரலில் குத்தினாள். மீட்டரில் நாற்பத்தெட்டு. அவள் முகம் செத்துப்போயிற்று. உள்ளே ஓடிச் சர்க்கரையைக் கரைத்துக்கொண்டு வந்தாள். டம்ளரை வாயருகே கொண்டுபோனால் மாமா உதட்டை இறுக்கி மூடிக்கொள்கிறார். "ரத்தம்... எடுத்தாச்சா? டாக்டர் பேர்..." என்று குழறுகிறார். அழுகையும் ஆத்திரமுமாக அவர் தாடையைப் பிடித்து மெல்ல மெல்லப் புகட்டினேன்.

அந்த நேரம் பார்த்து டாக்டர் உள்ளே வந்தார். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை, சென்ட் வாசனை. மாமாவின் கையைப் பிடித்துப் பார்க்கவில்லை. மேஜைமேல் கிடந்த மீட்டரை எடுத்துப் பார்த்தார்.

"நாப்பத்தெட்டா? சரி, கட்டுக்குள்ளதானே. பச்சைதானே விழும் மேடம்?"

விழும். அதுதான் கொடுமை. மேலே எவ்வளவு போகக்கூடாது என்று சொன்ன புண்ணியவான்கள், கீழே எவ்வளவு போகக்கூடாது என்று சொல்ல மறந்துவிட்டார்கள். அந்த ஹாலில் சாகக் கிடந்த மனிதர்தான் அந்தக் கிளினிக்கின் முதல்தரமான வெற்றி.

லேப்டாப்பை மூடினேன். "நீங்களே ஏத்திக்குங்க" என்றேன். வாயில் இன்னும் நிறைய வந்தது. மாமா காதில் விழுந்தால் வருத்தப்படுவார் என்று அடக்கிக்கொண்டேன். ஆட்டோ பிடித்து அவரை வேறொரு டாக்டரிடம் கொண்டுபோய்ப் படுக்க வைத்தேன். திட்டத்து அலுவலகத்துக்கு நடந்ததை எல்லாம் எழுதினேன். 'தங்கள் கருத்துக்கு நன்றி' என்று பதில் வந்தது. அந்தக் காலாண்டில் சிறந்த கிளினிக் என்று அந்த ஆளுக்கே கேடயமும் கொடுத்தார்கள். வாசலில் மாட்டியிருக்கிறார், தூ!

மாமா தேறிவிட்டார். தேறி என்ன? அடுத்த முகாமுக்குச் செய்தி வந்ததும் நாள் எண்ண ஆரம்பித்துவிட்டார். இதுவும் துவாதசி. சண்டை போட்டும் பார்த்தேன், காலில் விழாத குறையாகக் கெஞ்சியும் பார்த்தேன். "கூப்பிட்டிருக்காரேம்மா, போகாட்டா நன்னாவா இருக்கும்?" என்கிறார்.

அன்றைக்கு விடிந்ததும் வாசலுக்குக் கோலம்கூடப் போடாமல் எதிர்வீட்டுக்கு ஓடினேன். மாமா குளித்து, நாமம் போட்டு, ஒரு கையில் துளசித் தீர்த்தமும் மறு கையில் மாத்திரையுமாக நின்றுகொண்டிருந்தார். தீர்த்தத்தைச் சாப்பிட விட்டேன். மாத்திரையைப் பிடுங்கி என் இடுப்பில் செருகிக்கொண்டு, கொண்டுபோன நெல்லிக்காய்ப் பச்சடியைச் சாதத்தில் பிசைந்தேன்.

"டாக்டர் பேர் கெட்டுடுமேம்மா" என்றார், குழந்தை மாதிரி.

"அவர் பேரை அவர் பாத்துக்கட்டும். நீங்க வாயைத் திறங்க மாமா."