ஒரு அந்தர் ஆளும் இரண்டு அந்தர் ஆளும்

மூதூரிலிருந்து திருகோணமலைக்குப் போகும் காலை மோட்டார் லோஞ்சில் உயிர்காப்பு மிதவைகள் பதினான்கு இருந்தன. ஆட்கள் நாற்பதுக்குக் குறைவதில்லை. ஏறியதும் அந்தப் பதினான்கையும் எண்ணிவிட்டுத்தான் உட்காருவேன். எண்ணுவதால் ஒன்றுகூட அதிகமாகாது என்று தெரியும். ஆனாலும் எண்ணாத நாளில் கொட்டியாரக்குடா முழுவதும் என் மடியில் ஏறி இருப்பதுபோலப் பயம் பிடிக்கும். அந்தப் பயத்தை மறக்க வைத்தது குத்துச்சண்டை.

எழுபதுகளின் தொடக்கம் அது. நான் துறைமுகக் களஞ்சியம் ஒன்றில் எழுதுவினைஞன். லோஞ்சில் எனக்குக் கூட்டு இரண்டு பேர். ஒருவர் மூதூர்ச் சந்தையில் பலசரக்குக் கடை வைத்திருந்த முதலாளி. சரக்கெடுக்கப் பட்டணம் வருவார். உட்கார்ந்தால் பலகை முனகும். மற்றவர் எங்கள் களஞ்சியத்தில் நாட்சம்பளத்துக்கு மூட்டைக் கணக்குப் பார்ப்பவர். முப்பது வயது, இரண்டு பிள்ளைகள், முருங்கைக்காய் உடம்பு. முதலாளியை அண்ணன் முறையில் 'நானா' என்று கூப்பிடுவார்.

பத்திரிகையில் இரண்டு சம்பியன்களின் படங்கள் ஒரே பக்கத்தில் வந்த நாளில் தொடங்கியது வாதம். ஒருவன் ஆகப் பெரிய எடைக்காரன். மற்றவன் ஆகச் சிறிய எடைக்காரன். இருவரையும் ஒரே மேடையில் ஏற்றினால் வெல்வது யார்? உலகத்தில் எவரும் அப்படி ஏற்றமாட்டார்கள். நாங்கள் தினமும் ஏற்றினோம். சின்னவர்களின் எடை நூற்றுப்பன்னிரண்டு இறாத்தலைத் தாண்டக்கூடாது என்று அந்தப் பக்கத்தில் போட்டிருந்தது. அதாவது சரியாக ஒரு அந்தர், ஒரு மூட்டை வெங்காயம். பெரியவன் இரண்டு அந்தருக்குச் சற்றுக் குறைவு. முதலாளி பெரியவனின் கட்சி. கணக்குப் பார்ப்பவர் சின்னவனின் கட்சி. புள்ளி போடுவது நான்.

இறங்குதுறையை விட்டு லோஞ்சு விலகினால் மணி அடித்தாயிற்று. கரைத் தென்னைகள் மங்கும்வரை முதற்சுற்று. கோணேசர் மலை முழுதாகத் தெரிவது நடுச்சுற்று. துறைமுக வாய்க்குள் நுழையும்போது சண்டை முடிய வேண்டும். ஒரு அடி போதும், ஒரேயொரு அடி, என்பார் முதலாளி. அந்த அடி வந்து சேருமிடத்தில் சின்னவன் நிற்கமாட்டான் என்பார் மற்றவர். இதைத்தான் இருவரும் வருடக்கணக்காக வேறு வேறு விதமாகச் சொன்னார்கள்.

காற்றில்லாத காலைகளில் குடா மெழுகிய தரைபோலக் கிடக்கும். நான் அரைக்கண் மூடியிருப்பேன். அந்தத் தரைமேல் நான்கு கயிறுகள் தானாகவே கட்டப்படும். பெரியவன் மெதுவாக, கப்பல் திரும்புவதுபோலத் திரும்புவான். அவனைச் சுற்றிச் சின்னவன் ஓடும் இடமெல்லாம் வெயில் தெறிக்கும். பெரியவனின் கை நீண்டு வரும். சின்னவன் இருந்த இடத்தில் ஒரு மீன் துள்ளி விழும். எத்தனையோ தடவை புள்ளி போட மறந்திருக்கிறேன், எதையும் எண்ண மறக்காத நான்.

அந்த வருடம் துறைமுகத்தில் காவலாளிகளை நிரந்தரமாக எடுத்தார்கள். கணக்குப் பார்ப்பவர் விண்ணப்பித்தார். நாட்சம்பளத்தில் மழைநாளுக்குக் கூலியில்லை. நிரந்தரமென்றால் மழையிலும் அடுப்பெரியும். நேர்முகத்தில் தேறிவிட்டார். மிஞ்சியது வைத்தியச் சோதனை. எடை ஒரு அந்தருக்குக் குறையக்கூடாது.

மா மூட்டை நிறுக்கும் தராசில் அவரை ஏற்றினேன். நூற்றியேழு. ஐந்து இறாத்தல் குறைந்தது. அன்றிரவு என் நித்திரையும் குறைந்தது.

செய்தியறிந்த முதலாளி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "சின்னவனுக்கு வக்காலத்து வாங்கினவர் சின்னவன்ட எடைக்கே காணாது போல" என்றார். ஆனால் மறுநாள் தொட்டு லோஞ்சுக்குத் தயிர்ச்சட்டியோடு வந்தார். தோப்பூரிலிருந்து வரும் எருமைத் தயிர். கூடவே ஒரு சீப்பு வாழைப்பழம். பெரியவனின் கட்சி சின்னவனின் கட்சிக்கு ஊட்ட, தாடை ஓய்ந்த இடைவெளிகளில் சண்டை நடந்தது. நூற்றியொன்பதுக்கு ஏறினார். அதோடு நோன்பு மாதம் பிறந்துவிட்டது. சோதனை நாளும் அதற்குள்ளேயே விழுந்தது.

அன்று வாடைக்காற்று. அந்தக் காற்றில் லோஞ்சுக்காரர் ஆட்களை எடை பார்த்துத்தான் இருத்துவார். பாரமான ஆட்கள் நடுவில், மெல்லிய ஆட்கள் முன்முனையான அணியத்தில். அணியம் இலேசாக இருந்தால்தான் அலைமேல் ஏறும். அப்படியான நாட்களில் கணக்குப் பார்ப்பவரின் இடம் எப்போதும் முன்னால். அன்றும் லோஞ்சுக்காரர் முன்னுக்குக் கையைக் காட்டினார். இவர் போய் உட்கார்ந்தார். குடாவின் பாதியும் அவர்மேல்தான் விழுந்தது. நடுவிலிருந்த நாங்கள் அன்று சண்டையைத் தொடங்கவில்லை.

துறையில் இறங்கியபோது அவருடைய நீளக் காற்சட்டையிலிருந்து தண்ணீர் ஓடியது. சட்டையைக் கழற்றிப் பிழியப் போனார். முதலாளி அவர் கையைப் பிடித்தார்.

"பிழியாதீங்க தம்பி. உடுப்பில மூணு றாத்தல் தண்ணி இரிக்கி. அப்பிடியே தராசில ஏறி நில்லுங்க. அல்லா தந்த எடை."

நான் மனதுக்குள் கூட்டிப் பார்த்தேன். நூற்றியொன்பதும் மூன்றும் சரியாக ஒரு அந்தர். பிழியாதே என்றுதான் நானும் வேண்டிக்கொண்டேன்.

அவர் சிரித்தார். "நோன்பு பிடிச்ச வாயோட கள்ள எடை காட்டச் சொல்றீங்களா, நானா?" என்று சொல்லிவிட்டுச் சட்டையைப் பிழிந்தார். பிறகு காற்சட்டைக் கால்களையும் ஒவ்வொன்றாகப் பிழிந்தார். அந்த மூன்று இறாத்தலும் துறைக் கற்களில் ஓடிக் கடலுக்கே திரும்பிப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

வைத்தியர் தராசைப் பார்த்தார், பிறகு இவருடைய உலர்ந்த உதட்டைப் பார்த்தார். நோன்பா என்று கேட்டார். பெருநாளுக்குப் பிறகு ஒருநாள் வாருங்கள், அதுவரை சோதனைத் தாளை அனுப்பமாட்டேன் என்றாராம். வெளியே காத்திருந்த எங்களிடம் வந்து சொன்னபோதுதான் என் சட்டையும் நனைந்திருப்பதை உணர்ந்தேன். அது வியர்வை.

பெருநாளன்று முதலாளி வீட்டில் தேங்காய்ப்பாலும் முட்டையும் சேர்த்து அவித்த வட்டிலப்பம். நானும் போயிருந்தேன். கணக்குப் பார்ப்பவரின் கிண்ணத்தை மட்டும் முதலாளி காலியாகவே விடவில்லை. அடுத்து வந்த நாட்களிலும் அங்கிருந்து அவருக்குச் சோறு போனது. இரண்டாம் தடவை அவர் காய்ந்த உடுப்போடு தராசில் ஏறினார். நூற்றுப்பன்னிரண்டரை.

காவலாளி வேலைக்குப் போன முதல் நாளும் அதே காற்று. ஏறியதும் நேரே நடுப்பலகைக்கு வந்து, முதலாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"தம்பி, முன்னுக்கு" என்றார் லோஞ்சுக்காரர்.

"நான் இப்ப அந்தர் ஆள்."

"அது துறைமுகத்துக்கு. கடலுக்கு ஒரு அந்தர் காணாது. முன்னுக்குப் போங்க."

லோஞ்சே சிரித்தது. அவரும் சிரித்துக்கொண்டே எழுந்து, புதுக் காக்கிச் சட்டையைக் கழற்றி என் மடியில் தந்துவிட்டு, பெனியனோடு முன்னால் போனார். உடனே முதலாளியும் எழுந்து, ஒவ்வொரு தோளாகப் பிடித்துப் பிடித்து அணியத்துக்கு நடந்து, அவருக்குப் பக்கத்தில் இருந்துவிட்டார். அணியம் தாழ்ந்தது. லோஞ்சுக்காரர் ஏசத் தொடங்கினார். நான் மிதவைகளை மறுபடி எண்ணினேன். பதினான்குதான்.

"இண்டைக்குச் சின்னவன் வெல்லட்டும்" என்றார் முதலாளி, முகத்துத் தண்ணீரை வழித்தபடி.

"சும்மா தந்தா வேணாம் நானா. அடிச்சு வெல்லோணும்."

தென்னைகள் மங்கத் தொடங்கின. மடியிலிருந்த காக்கிச் சட்டையை நனையாமல் அணைத்துக்கொண்டு நான் கண்ணை மூடினேன். குடாவின்மேல் கயிறுகள் ஏறின.