கடுகுக் கண் பைலட்

ராணிக்கும் பாபுவுக்கும் அப்பா எழுதுவது: இது நம் ஸ்ரீராம்புரம் வீட்டில் நான் பால்சா என்ற கனமில்லாத மரத்தில் பொம்மை விமானம் செய்தபோது நடந்தது. பாபு அப்போது பிறக்கவில்லை. விமானத்துக்கு ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு இறக்கை. முறுக்கிவிட்ட ரப்பர்தான் எஞ்சின். ராணி கலர் களிமண்ணில் ஒரு பைலட் செய்து, கடுகில் கண் வைத்து, சீட்டில் உட்கார வைத்திருந்தாள்.

மைதானத்தில் விட்டபோதெல்லாம் அது மூக்கைத் தூக்கிக்கொண்டு பின்னால் சரிந்து விழுந்தது. கிரிக்கெட் ஆடிய ஒருவன் கேட்டான்: "அண்ணா, இது ஏரோப்ளேனா, கோழியா?"

மூக்கில் கொஞ்சம் கனம் சேர்த்தால் பறக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் களிமண்ணை வீட்டிலேயே விட்டுவிட்டேன். இன்னொரு முறை விழுந்தால் இறக்கை தாங்காது. "நாளைக்கு வரலாம்மா" என்றேன்.

ராணி பைலட்டைப் பிய்த்து நீட்டினாள். "இவர மூக்குல வெச்சிடுப்பா."

"அப்போ யாரும்மா ஓட்டுறது?"

"இவருதான். முன்னாடி உக்காந்து ஓட்டுவாரு."

பிசைந்து மூக்கில் அப்பினேன். ஒரு கடுகு மட்டும் வெளியே தெரிந்தது. கையை விட்டதும் விமானம் பதறாமல் ஏறி, வட்டமடித்து, புல்லில் சக்கரம் பட இறங்கியது. கோழி என்றவனும் கைதட்டினான். ராணி ஓடிப்போய் முதலில் அந்தக் காலி சீட்டைத்தான் தடவினாள்.

என் கைவேலையால்தான் அது பறக்கும் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

மறுநாள் ராணி பள்ளிக்குப் போன பிறகு, மிச்சமிருந்த பால்சாத் துண்டில் கனமே இல்லாத ஒரு பைலட்டைச் செதுக்கினேன். சமையலறையிலிருந்து இரண்டு கடுகு எடுத்துக் கண்ணாக ஒட்டி, சீட்டில் உட்கார வைத்தேன்.